மஞ்சள் குழாய் போகும் சுவர்

“மாமா, புள்ளைக்கு முடி எறக்கியாச்சா?”

ஹயாத்து முகம்மது திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து, ஆட்டிறைச்சி ஆக்கிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். காலையிலிருந்து வந்த பொம்பிளைகள் எல்லாரும் கேட்ட கேள்விதான் இது. புதிதாக ஒன்றுமில்லை.

“ஓம், ஓம். காலையிலயே எறக்கியாச்சு.”

“பேரு?”

“நப்லா.”

“நல்ல பேரு மாமா,” என்றது குரல். பிறகு, வாய்க்குள் வைத்து ருசி பார்க்கிற மாதிரி மெதுவாக, “நப்லா” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தது.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பியபோதுதான் அவருக்கு உறைத்தது. குரல் வந்தது வலது கைப்பக்கமிருந்து. வலது கைப்பக்கம் இருப்பது ஒட்டுச்சுவர் வீட்டின் பின் யன்னல். அந்த யன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்து ஒரு வருசமாகிறது. பலகையில் ஆணித்துரு வழிந்து காய்ந்திருந்தது. பலகைக்குப் பின்னால் ஆள் இல்லை. இருக்கவும் வழியில்லை.

“எவ அது?” என்று அதட்டினார். “வயசாளியோட என்ன வெளயாட்டு? முன்னுக்கு வந்து கதை!”

ஒருத்தரும் வரவில்லை. கடற்கரை வாடியில் கருவாடு புரட்டுகிறவர்களின் சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. உப்புக்காற்றில் ஊறிப்போய், சாவி போட்டாலும் திறக்காத பூட்டு. வேலிக்கு அப்பால் நின்று எவளோ சேட்டை பண்ணியிருக்கிறாள் என்று தீர்த்துக்கொண்டு, மணலில் ஒருதரம் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அவர் எதையும் நம்புகிற மனிசன் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது, “ரெண்டு நாளையில திரும்பி வரலாம்” என்று ஒருவன் சொன்னான். அதை நம்பிக் கோழிக்கூட்டைத் திறந்துவிடாமல் வந்தவர். அதோடு சரி. பள்ளிவாசல்துறையில் இந்த வரிசை வீடுகளை வெளிநாட்டுக் காசில் கட்டிச் சாவியைக் கையில் தந்தபோதுகூட, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “மண்ணு கூட, சீமெந்து கொறவு” என்று முகத்துக்கு நேரே சொன்னார். வரிசையின் தலைப்பில் கம்பி வேலிக்குள் ஒரு பெரிய வெள்ளைத் தாங்கி. அதிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் கிளம்பி, வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் ஜௌபரின் பேக்கரிப் போறணையில் முடியும். ஒரு தாங்கி, ஒரு குழாய், எல்லா அடுப்புக்கும் காஸ். சிலிண்டர் சுமக்கத் தேவையில்லை என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். ஹயாத்து முகம்மது பட்டதில்லை. அடுத்தவன் வீட்டுக்குள்ளிருந்து தன் வீட்டுக்குள் வருகிற எதுவும் நல்லதில்லை என்பது அவருடைய எண்ணம்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் அஸ்கா. போன வருசம் கச்சான் காற்றுக் காலத்தில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைப்பதாக இருந்தது. ஆடும் வாங்கிக் கட்டியாயிற்று. முதல்நாள் பொழுதுபட, மஃரிபுக்குக் கதவு யன்னலெல்லாம் சாத்திவிட்டு, பிள்ளை பெற்றவளின் தலைமுடிக்குப் புகை காட்ட அவளுடைய உம்மா சாம்பிராணிச் சட்டியை அறைக்குள் கொண்டுபோனாள். ஒரே ஒரு சத்தம். ஓடுகள் கடற்கரை வரைக்கும் போய் விழுந்தன. தாய், மகள், பேர் வைக்காத பிள்ளை, மூன்றும் போயிற்று. வேலியில் கட்டியிருந்த ஆடு மட்டும் விடிய விடியக் கத்திக்கொண்டு நின்றது. அஸ்காவின் புருசன் குவைத்துக்குப் போனவன், திரும்பவே இல்லை. கூரைக்குத் தகரம் அடித்து, யன்னலுக்குப் பலகை அடித்து, வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜின்னுடைய வேலை என்று சனம் சொன்னது. காஸ் கசிவு என்று கம்பனிக்காரர்கள் சொன்னார்கள். காஸ்காரன் பொய் சொல்கிறான், சனம் அதைவிடப் பெரிய பொய் சொல்கிறது என்று ஹயாத்து முகம்மது சொன்னார்.

அதற்குப் பிறகு வந்தவன்தான் ஸியாத். தலை நரைக்கத் தொடங்கிய, எப்போதும் களைத்துப்போன முகமுள்ள காஸ்கார ஆள். அஸ்கா வீட்டுக் குழாய்க்கு மூடி போட்டு இறுக்கினான். வீடு வீடாகச் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை அடித்தான். ஹயாத்து முகம்மதுவின் மகள் றிஃப்னா வயிற்றுப் பிள்ளைக்காரி என்று கேள்விப்பட்டுப் போன மாசம் மறுபடியும் வந்தான்.

“மாமா, இந்த அறைக்குள்ளால குழாய் போறதே பிழை. மகள வேற அறையில படுக்க வைங்க. இல்லாட்டி இந்த யன்னல் தொறந்தே ஈக்கோணும்.”

“நாப்பது நாள் முடியுமட்டும் புள்ள பெத்த அறைக்கு யன்னல் தொறக்கிறயில்ல. காத்துப் படும். ஒங்கட உம்மா சொல்லித் தரல்லயா?”

“காஸ் காத்த விடப் பாரம் மாமா. மேல போகாது. தண்ணி மாதிரித் தரையில தேங்கும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியக் கீழ அடிச்சீக்கி. காஸ் பட்டாக் கத்தும்.”

“தண்ணி மாதிரியெண்டா வாளியால அள்ளி ஊத்துறன். நீ போ.”

ஸியாத் சிரிக்கவில்லை. “கூழ்முட்டை நாத்தம் வந்தா லைட் சுவிச்சத் தொடாதீங்க. போடவும் வேணாம், நூக்கவும் வேணாம். நெருப்பு வேணாம், போன் வேணாம். கதவத் தொறந்து ஆக்களக் கூட்டிக்கிட்டு வெளியாகுங்க. வெளிய ஈக்கிற இந்தக் கைப்பிடியக் குழாய்க்குக் குறுக்கால திருப்புங்க. தூரப் போய் நிண்டு எனக்குக் கோல் எடுங்க.”

“கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில வந்து நிண்டு நாத்தத்தப் பத்திப் படிச்சுக் குடுக்கிறாய் நீ.”

“அதுதான் மாமா எனக்குப் பயம். ஒங்கட மூக்கு பழகிப் போய் ஈக்கும்.”

அவன் போனதும் ஹயாத்து முகம்மது அந்தப் பெட்டியைக் கழற்றினார். கணுக்கால் உயரத்தில் எவன் சாமான் அடிப்பான்? ஒளித்து வைக்கிற சாமான்தான் அங்கே இருக்கும். வீட்டுக் கதையை ஒட்டுக் கேட்கிற பெட்டியாக இருந்தால்? வயரை நீட்டி, அறையின் வாசல்நிலைக்கு மேலே, ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டத்துக்குப் பக்கத்தில், தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினார். அங்கே அது பச்சை வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தது. ஒருநாளும் கத்தவில்லை.

இப்போது அறைக்குள் போய் முதலில் பார்த்தது பூனையைத்தான். அலுமாரியின் உச்சியில் நான்கு காலையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. ஆட்டுச் சவ்வுத் துண்டு ஒன்றைக் காட்டிக் கூப்பிட்டார். காலையிலிருந்து இறைச்சி வாசத்தில் பைத்தியமாக அலைந்த பூனை, இப்போது அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதன் கண் முழுக்கத் தரையில் இருந்தது. சுவரின் அடிமூலையில், மஞ்சள் குழாய் பக்கத்து வீட்டிலிருந்து உள்ளே வருகிற இடத்தில். எதுவோ அங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே வருவதைப் பார்க்கிற மாதிரி, பூனையின் தலை அங்குலம் அங்குலமாகத் திரும்பியது.

“வாப்பா,” என்றாள் றிஃப்னா கட்டிலில் கிடந்தபடி. “கூழ்முட்டை நாத்தம் ஒண்டு வருது. தலை வெடிக்குது எனக்கு.”

ஹயாத்து முகம்மது மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சாம்பிராணி, பிள்ளையின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம், வேப்பிலைத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதும் இருக்கிற கருவாட்டு வாசம். வேறென்ன?

“கருவாடு மகள். காத்து நிண்டுட்டு, அதுதான் இங்கயே தங்கி ஈக்கு.”

காற்று நின்றது உண்மைதான். கச்சான் அடிக்கிற காலத்தில், மணலை வாரி முகத்தில் எறிகிற காலத்தில், அன்றைக்குப் பகலிலிருந்து ஒரு தென்னை ஓலை அசையவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகைகூட எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நட்டக்குத்தாக நின்றது.

ராத்தா ஆசியா உம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவருடைய மூத்த சகோதரி; றிஃப்னாவின் உம்மா மௌத்தாகிவிட்டதால், பிள்ளைப்பேறு பார்க்க வந்து நிற்கிறாள். “கருவாடெண்டு சொல்லாத. முடி எறக்கின அண்டைக்குத்தான் கண்ட கண்டதெல்லாம் புள்ளயத் தேடி வரும். நாத்தத்தோடதான் வரும். இண்டைக்குச் சாம்பிராணி கொஞ்சம் கூடப் போடோணும்.”

“போடு, போடு. வீட்டையே கொளுத்து.”

“ஒன்ட வாய்க்குத்தான் மொதல்ல கொளுத்தோணும்,” என்றுவிட்டுப் போனாள்.

அவர் தொட்டிலைக் குனிந்து பார்த்தார். தலைமாட்டுப் பக்கம், குழாய் வருகிற சுவரோரமாகத் தொங்கிய சேலைத் தொட்டில். நப்லா முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கினாள். காலையில் அந்த மொட்டைத் தலையை உள்ளங்கையில் ஏந்தி வைத்திருந்தபோது, தோல் உரித்த நுங்குபோல வழுக்கியது; விட்டுவிடப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மருமகன் ஹுனைஸ் கட்டாரில். இந்த ரெண்டு உயிருக்கும் இங்கே காவல் அவர்தான்.

தொட்டிலுக்குக் கீழே கையை நீட்டினார். விரல் நுனி குளிர்ந்தது.

குழாயைச் சுற்றிப் பூசியிருந்த சீமெந்து உதிர்ந்து, பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள்ளிருந்து ஒரு குளிர். காற்று இல்லாத நாளில், பூட்டிக் கிடக்கிற வீட்டிலிருந்து, யாரோ விடாமல் ஊதுகிற மாதிரி. அத்தோடு ஒரு சத்தமும் வந்தது.

ஷ்ஷ்ஷ்...

பிள்ளை சிணுங்கும்போது தாய் தட்டிக்கொடுத்துச் சொல்கிற சத்தம். றிஃப்னாதான் என்று நினைத்துத் திரும்பினார். றிஃப்னா வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

ஷ்ஷ்ஷ்...

எலி, என்று நினைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் அந்த வீட்டுத் தகரக் கூரைக்குள் குருவி. பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, சுருட்டி, ஓட்டைக்குள் திணித்தார். பெருவிரலால் உள்ளே அமுக்கினார். குளிர் நின்றது. சத்தமும் நின்றது. முழங்காலை ஊன்றி எழும்பப் போனவர், திணித்த துணி மெல்ல அசைவதைப் பார்த்தார். அது வெளியே தள்ளப்படவில்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ, அவசரமே இல்லாமல், விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் நீலக் கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் போனது. கடைசி நூலும் போனது.

ஓட்டை மறுபடியும் கறுப்பாக இருந்தது.

“தேங்ஸ் மாமா,” என்று சொல்வது அஸ்காவுக்கு வழக்கம். கறிவேப்பிலை, உப்பு, தீப்பெட்டி எது கொடுத்தாலும் சொல்வாள். அந்த ஓட்டை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் பொறுக்கவில்லை. பின்னாலே நகர்ந்து நகர்ந்து போய், கதிரையில் முதுகு முட்டிய பிறகுதான் நின்றார்.

அப்போது மஃரிபுக்குப் பாங்கு சொன்னது.

பாங்கு சொன்னால் கதவு யன்னல் சாத்த வேண்டும். ஊர் முழுக்க அதுதான் செய்யும். இருட்டும் வெளிச்சமும் கலக்கிற அந்த நேரத்தில் வெளியில் திரிகிறது எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆம்பிளைகள் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். வரிசை வீட்டுக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. தட். தட். தட். ஹயாத்து முகம்மதுவும் முன்கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். பின்கதவைச் சாத்தினார். பிள்ளை அறையின் யன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் றிஃப்னாவின் பழைய தாவணியை ராத்தா அடைத்து வைத்திருந்தாள். காற்று வர ஒரு பொட்டு வழியில்லை.

பின்வளவில் ராத்தா சிரட்டைக்கரியை விசிறுகிற சத்தம். பொறி பொறியாக நெருப்பு வெடிக்கிற சத்தம்.

அறைக்கு வந்தார். வாசல்நிலைக்கு மேலே பச்சை வெளிச்சம் சாதுவாக எரிந்தது. யன்னல் கண்ணாடியின் ஓரத்தால் நுழைந்த கடைசி வெளிச்சம் ஒரு நூலாகத் தரையில் கிடந்தது. அந்த நூல் நேராக இல்லை. களப்புத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கயிறு மாதிரி நெளிந்தது. தரையோட்டின் கோடுகளும் நெளிந்தன. கட்டில் கால்கள் நான்கும், அடிப்பாகம் மட்டும், நெளிந்தன. தெளிந்த தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிற மாதிரி இருந்தது அறை. தண்ணீர் இல்லை. காலில் ஈரம் இல்லை. குளிர் மட்டும் இருந்தது.

அலுமாரிக்கு மேலே பூனை ஒருதரம் முனகியது. பிறகு குதித்தது.

அது ஏன் குதித்தது என்று அவருக்குக் கடைசிவரைக்கும் விளங்கவில்லை. யாரோ கூப்பிட்டுப் போன மாதிரித்தான் போனது. சுவரோர மூலையை நோக்கி நடந்தது. நாலு அடி. தள்ளாடியது. உட்கார்ந்தது. தலையைத் தரையில் வைத்தது. ஒரு கால் உதறியது.

அவ்வளவுதான்.

தண்ணி மாதிரித் தரையில தேங்கும்.

ஹயாத்து முகம்மது சுவரைப் பார்த்தார். கணுக்கால் உயரத்தில் ஆணி அடித்த துவாரம் இன்னும் தெரிந்தது. பெட்டி தலைக்கு மேலே. பச்சை. பச்சை. பச்சை.

பின்கதவில் ஒரு உதை.

“கதவத் தொற. சட்டி கைய சுடுது.”

ராத்தா. நெருப்போடு. கதவுக்கு அந்தப் பக்கம். கதவுக்கு அடியில் ரெண்டு விரல் இடைவெளி.

“ராத்தா!” அவர் கத்தினார். “சட்டியக் கொண்டு போ! தூர!”

“ஏன்டா?”

“வேலிக்கிட்டக் கொண்டு போய் வை! அல்லாவுக்காகப் போ! ஓடு!”

“ஒனக்குப் பைத்தியமா? மஃரிபு நேரத்தில...”

“போ!”

முணுமுணுத்துக்கொண்டு அவள் கால் மணலில் இழுபட்டுப் போகிற சத்தம். தூரம். இன்னும் தூரம். சட்டியை வைக்கிற சத்தம். அதற்குப் பிறகுதான் கொண்டியை எடுத்தார்; இரும்பு இரும்பில் உரசாமல், விரலால் பிடித்து, முட்டையைத் தூக்குகிற மாதிரி. பின்கதவை விரியத் திறந்தார். முன்கதவையும் திறந்தார். கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போனது. நடு வழியில் நிறுத்தினார். போடவும் வேணாம், நூக்கவும் வேணாம். அந்தக் களைத்த முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. கையைக் கக்கத்துக்குள் திணித்துக்கொண்டு இருட்டுக்குள் போனார்.

றிஃப்னாவை உலுப்பினார். அவள் குடித்தவள் மாதிரிப் பேசினாள். “வாப்பா, அவ புள்ளயப் பாக்க வந்தீக்கா...” “எழும்பு!” கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார். ராத்தா வாசலில் வந்து மற்றக் கையைப் பிடித்தாள். வெளியே. மணலில். திரும்பவும் உள்ளே.

அறை இப்போது முழு இருட்டு. தலை சுற்றியது. காதுக்குள் இரைச்சல். ஷ்ஷ்ஷ். சுவரிலிருந்து. தொட்டிலிலிருந்து. தன் நெஞ்சுக்குள்ளிருந்து. சேலையைத் துழாவினார். துணிப்பொட்டலம் கையில் பட்டது. தலையோடு காலோடு சுற்றியிருந்தது. அள்ளினார். கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. நினைக்க நேரமில்லை. ஓடினார். வாசற்படியில் இடறி, விழாமல், மணலில் கால் புதைய ஓடி, றிஃப்னாவின் மடியில் பொட்டலத்தை வைத்தார்.

சுவரில் இருந்த கைப்பிடி. குழாய்க்குக் குறுக்கே. திருப்பினார். இறுகி நின்றது.

“ராத்தா, போனத் தொடாத. பேக்கரிக்கு ஓடு. ஜௌபருக்குப் போறணைய நூக்கச் சொல்லு. வீட்டு வாசல்ல எல்லாம் கத்து. லைட் போட வேணாமெண்டு கத்து.”

“ஹயாத்து, என்னடா இது...”

“பிறகு கதை. ஓடு.”

வயதுபோன பொம்பிளை அவ்வளவு ஓடுவாள் என்று அவர் நினைத்ததில்லை. சத்தம் போட்டுக்கொண்டே இருட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் மணலில் உட்கார்ந்தார். தப்பிவிட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காஸ்காரனுக்காக துஆக் கேட்க வேண்டும் போலிருந்தது. தூரத்தில் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. றிஃப்னாவுக்கு நினைவு தெளிந்துகொண்டு வந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து, சட்டையை விலக்கிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்குதா?”

“ஓம் வாப்பா. நல்லாக் குடிக்கிறா.” பிறகு, “ஒடம்பு குளிர்ந்து போய் ஈக்கு,” என்றாள்.

பிள்ளை அழவே இல்லை. இவ்வளவு உலுப்பலுக்கும் அழவில்லை. அவர் குனிந்தார். சந்தன வாசம் வரவில்லை. அடுப்புக்கரி வாசம். துணியை விலக்கி, காலையில் ஏந்திய அந்தத் தலையை ஏந்துவதற்கு உள்ளங்கையை வைத்தார்.

முடி.

அடர்த்தியாக. சுருண்டு. பொசுங்கிப்போய். விரலுக்குக் கீழே நொறுங்கியது.

அவர் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கைக்குக் கீழே அந்தத் தலை, பால் குடிக்கிற தாளத்துக்கு, மெல்ல மெல்ல அசைந்தது.

“என்ன வாப்பா?” என்றாள் றிஃப்னா.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து நப்லா அழுதாள்.

தன் பேத்தியின் அழுகை அவருக்குத் தெரியும். திரும்பினார். திறந்து கிடந்த பின்கதவால், நேரே, பிள்ளை அறை வரைக்கும் தெரிந்தது. அறைக்குள் ஒரு சிவந்த வெளிச்சம் இருந்தது. வேலிப் பக்கம் பார்த்தார். ராத்தா வைத்த சட்டி அங்கேதான் இருந்தது. அதற்குள் ஒரு தணல்கூட இல்லை.

கட்டிலோரமாக, தரையில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றவள் இருக்கிற மாதிரி, ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்து, நீளமான முடியை விரித்துப் போட்டிருந்தாள். முடிக்குக் கீழே குவித்த தணல். மடியில் பிள்ளை. மொட்டைத் தலை தணல் வெளிச்சத்தில் பளபளத்தது. அவளுடைய கை அந்த வழுவழுப்பைத் திரும்பத் திரும்பத் தடவியது.

அவளைச் சுற்றித் தரை நெளிந்தது. அந்த நெளிவு தணலின் விளிம்பைத் தொட்டு, வட்டமாக விலகி நின்றது. அவளுடைய ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிற மாதிரி. சுவரோர ஓட்டையிலிருந்து சாரத்தின் நீலக் கரை தொங்கியது.

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததைக் கொண்டு சிரித்தாள். நப்லாவைத் தட்டிக்கொடுத்தபடியே, ஒரு விரலை மட்டும் மெல்லத் தூக்கி, உதட்டுக்குக் குறுக்கே வைத்தாள்.

ஷ்ஷ்ஷ்...